மறு: 'பயாஸ்' – வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம். 'பயாஸ்' (bias) என்ற மின்னணுச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இழைக்கு இது என் பதில்.

> 'சார்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்து இந்த இழையை முடித்துவிடலாமா?

டயோடு, டிரான்சிஸ்டர் வரைக்கும் எனக்கு மறுப்பே இல்லை. முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று பிளஸ் டூ மாணவர்கள் படிக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் அதுவே கோடல். இரண்டும் அங்கங்கே இருக்கட்டும். கிதார் ஆம்ப்ளிஃபயரின் பவர் வால்வுக்கு, அதாவது ஸ்பீக்கரை இயக்கும் வெற்றிடக் குழாய்க்கு வரும்போதுதான் சிக்கல்.

வால்வுக்குள் சூடேறிய கேத்தோடு எலெக்ட்ரான்களை விடுகிறது. பிளேட்டில் இருக்கும் 400, 450 வோல்ட் அவற்றை இழுக்கிறது. நடுவில் உள்ள கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட் கொடுத்தால்தான் அந்த ஓட்டம் கட்டுக்குள் நிற்கும். இந்த மைனஸ் வோல்ட்தான் பயாஸ். சரி. ஆனால் அதே மெக்கானிக் அடுத்த நிமிடம் "பயாஸ் 35 மில்லிஆம்ப் வைத்திருக்கிறேன்" என்கிறார். இங்கே அவர் சொல்வது வோல்ட் இல்லை, கிதாரைத் தொடாமல் ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போது ஓடுகிற மின்னோட்டம். ஒன்று கூடினால் மற்றது குறையும். இரண்டுக்கும் ஒரே பெயர்! "பயாஸைக் கொஞ்சம் கூட்டு" என்று ஒருவர் போனில் சொன்னால் மைனஸ் 45ஐ மைனஸ் 50 ஆக்குவதா, 35 மில்லிஆம்பை 45 ஆக்குவதா? மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு ஜோடி வால்வு காலி. ஆங்கிலத்தில் இருக்கும் இந்தக் குழப்பத்தை நாமும் எதற்குச் சுமக்க வேண்டும்?

முன்பே இழையில் சொன்ன என் பரிந்துரை இதுதான். கிரிட்டில் கொடுக்கும் மைனஸ் வோல்ட்டுக்கு *அடக்கழுத்தம்*. சும்மா இருக்கும்போது ஓடும் ஓட்டத்துக்கு *ஓய்வோட்டம்*. அடக்கழுத்தம் கூடினால் ஓய்வோட்டம் குறையும். விளக்கவுரை இல்லாமலே புரிகிறது அல்லவா?

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதை வைத்துப் பழுது பார்க்கும் குறிப்பு ஒன்றை எழுதிப் பார்ப்பது என் வழக்கம். பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பழுதுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு 6எல்6 வால்வுகள், பக்கத்துக்கு இரண்டு. விளக்கை அணைத்துப் பார்த்தால் இடப்பக்க ஜோடியின் சாம்பல்நிற பிளேட், ஓரத்து மடிப்பை ஒட்டி மங்கலான சிவப்பில் கனிகிறது. ஓட்டம் அளவு மீறிவிட்டது என்று பொருள்; உடனே ஸ்டாண்ட்பை சுவிட்சால் பிளேட்டின் வோல்ட்டை நிறுத்திவிட வேண்டும். குறிப்பு இப்படிப் போகும்:

"நான்கும் சிவந்தால் அடக்கழுத்த சப்ளையைச் சந்தேகி, அங்கே ஒரே ஒரு டயோடும் சின்ன எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியும்தான். மின்தேக்கி காய்ந்துபோனால் அடக்கழுத்தம் தளரும். ஒரு வால்வு மட்டும் சிவந்தால் அதை எதிர்ப்பக்க சாக்கெட்டுக்கு மாற்றிப் பார். சிவப்பு கூடவே போனால் வால்வு கோளாறு. ஒரு பக்க ஜோடி மட்டும் சிவந்தால் நான்கையும் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 5ஆம் பின்னில் அடக்கழுத்தத்தை அள. ஒரு பக்கம் மைனஸ் 50, மறுபக்கம் மைனஸ் 31 என்றால், 31 காட்டும் பக்கத்து இணைப்பு மின்தேக்கி கசிகிறது. முந்தைய பெருக்கு நிலையின் பிளஸ் வோல்ட் அதன் வழியே கிரிட்டுக்கு வந்து அடக்கழுத்தத்தைத் தின்கிறது. மாற்றிய பின் ஓய்வோட்டத்தைச் சரிசெய். 6எல்6ஜிசி வகை வால்வின் பிளேட் தாங்குவது 30 வாட். பாதுகாப்புக்கு அதில் 70 விழுக்காடு, அதாவது 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் என்றால் வால்வுக்கு 47 மில்லிஆம்ப்தான் உச்சம்."

எங்கும் தடுக்கவில்லை. இதே பத்தியில் 'சார்பு தளரும்', 'சார்பைத் தின்கிறது' என்று போட்டுப் பாருங்கள். (இதை முயல்பவர்கள் ஸ்விட்சை அணைத்த பிறகும் பெரிய மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். மின்தடை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.)

> 'அடக்கம்' என்றால் எங்கள் பக்கம் சாவு வீட்டு நினைவுதான் வரும் அண்ணா.

வரட்டுமே தம்பி. அடக்கம் போன வால்வை அடக்கம் செய்ய வேண்டியதுதான். சூழல் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை. அடக்க விலை என்று கடையில் சொன்னால் யாரும் மாலை வாங்கப் போவதில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்ப்ளிஃபயர்களில் தனி மைனஸ் சப்ளை கிடையாது. கேத்தோடுக்குக் கீழே ஒரு மின்தடை. ஓட்டம் கூடினால் கேத்தோடு மேலேறும்; அதோடு ஒப்பிட்டால் கிரிட் இன்னும் மைனஸாகி ஓட்டத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும். ஆங்கிலத்தில் செல்ஃப் பயாஸ். நமக்குத் *தன்னடக்கம்*. இதற்குமேல் பொருத்தமான சொல் வேண்டுமென்றால் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

தனி மைனஸ் சப்ளை வைக்கும் ஃபிக்ஸ்டு பயாஸுக்கு நண்பர் ஒருவர் சொன்ன 'நிலையான அடக்கம்' எனக்கு ஒப்பவில்லை. பெயர்தான் ஃபிக்ஸ்டு, ட்வின் ரிவெர்பிலேயே ஸ்க்ரூடிரைவரால் திருப்ப ஒரு குமிழ் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதால் *புற அடக்கம்* என்கிறேன். வேறு நல்லது இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

இரைச்சலைப் பற்றி அடுத்த மடலில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பெரிய வடிகட்டு மின்தேக்கிகள் ஓய்ந்தால் கேட்பது 100 ஹெர்ட்ஸ். ஹீட்டர் வயரிலிருந்து ஒட்டிக்கொள்வது 50 ஹெர்ட்ஸ். காதுக்கு இரண்டும் வேறு வேறு. 'ஹம்' என்ற ஒரே சொல்லில் அடைக்காமல், முன்னதற்கு 'உறுமல்', பின்னதற்கு 'முனகல்' என்று பிரிக்கலாமா? வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகளைத் தெரிந்தவர்கள், அவர்கள் கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.