ரோடு வேலையில் சுற்றுச்சூழல் கண்காணிப்பு: எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' என்று இருக்கிறது, என்ன செய்வது?

புதுப்பொறியாளன் கேட்டது:

வணக்கம். எம்.இ. முடித்துவிட்டு ஒரு கன்சல்டன்சியில் சேர்ந்திருக்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை. வெளிநாட்டு வங்கிக் கடன். மேற்பார்வை கன்சல்டன்ட் தரப்பில் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னிடம்.

எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஃபைலைப் பார்த்தேன். மாதாமாதம் அதே செக்லிஸ்ட். தண்ணீர் தெளிக்கிறார்களா, ஆம். மேல்மண் சேமிக்கிறார்களா, ஆம். கேம்ப்பில் கழிப்பறை, ஆம். இரண்டு வெவ்வேறு மாத அறிக்கையில் ஒரே டேங்கர் படம், டேங்கருக்குப் பக்கத்தில் அதே நாய், அதே இடத்தில் படுத்திருக்கிறது. நேரில் போனால் டிப்பர் கடந்த பிறகு எதிரே வரும் பைக் தெரியவில்லை. ஆனால் லேப் ரிசல்ட் எல்லாம் லிமிட்டுக்குள் இருக்கிறது.

கான்ட்ராக்டர் ஆட்களிடம் சொன்னால் "சரிங்க சார்" என்கிறார்கள், அவ்வளவுதான். டீம் லீடர் "தம்பி, ரிப்போர்ட் அஞ்சாம் தேதிக்குள்ள வரணும்" என்கிறார், அதுவும் அவ்வளவுதான். உண்மையில் எதைப் பார்ப்பது? பார்த்ததை எப்படிச் சரிசெய்ய வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய சைட்காரன் பதில்:

தம்பி, செக்லிஸ்ட்டை மூடி வைத்துவிட்டு ஒப்பந்தத்தையும் பிஓக்யூவையும் (எந்த வேலை எவ்வளவு, என்ன ரேட் என்ற பட்டியல்) எடுத்துப் படியுங்கள். இஎம்பியில், அதாவது சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில், நூறு நல்ல காரியம் எழுதியிருக்கும். அதில் எதற்கு பிஓக்யூவில் தனி அயிட்டம் இருக்கிறது, எது "வேலையின் விலையில் அடங்கியது" என்று போகிறது, எது இரண்டிலும் இல்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது வகை நடக்காது. நீங்கள் எத்தனை கடிதம் போட்டாலும் நடக்காது. முதல் வகையில் உங்களுக்குப் பிடி இருக்கிறது, ஏனென்றால் பில் உங்கள் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் போகாது. இரண்டாவது வகைதான் உங்கள் உண்மையான வேலை.

வெளிநாட்டு வங்கிக் கடன் வேலை என்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) மாதிரி வழியில் இருக்கும். 1999 பதிப்பில் 4.18ஆம் பிரிவு சுற்றுச்சூழல் பாதுகாப்பு. எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதுவார்கள், யாரும் பயப்பட மாட்டார்கள். 14.6 படியுங்கள். செய்ய வேண்டிய ஒரு கடமையை கான்ட்ராக்டர் செய்யவில்லை, பொறியாளர் அதை ஏற்கெனவே அவருக்கு அறிவித்தும் இருக்கிறார் என்றால், அந்தக் கடமையின் மதிப்பை அது முடியும் வரை இடைக்கால பில்லில் நிறுத்தி வைக்கலாம். இதில் உயிர்நாடி அந்த "ஏற்கெனவே அறிவித்து" என்பதுதான். முறையான நோட்டீஸ் இல்லாமல் பில் சமயத்தில் போய்ப் பணத்தைப் பிடி என்றால் டீம் லீடர் உங்களைத்தான் முறைப்பார், அவர் முறைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

சரி, லேப் ரிசல்ட். லிமிட்டுக்குள் இருக்கிறது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிஎம்10க்கு, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசிக்கு, 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது 2009 தேசியத் தர அளவு. ரிசல்ட் வந்த தேதியை எடுத்து, அன்றைய டெய்லி பிராக்ரஸ் ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். அன்று மண் வேலை நடந்ததா, மழையா, ஆயுதபூஜை லீவா? மெஷின் எங்கே வைத்தார்கள், செயினேஜ் (ரோட்டின் தொடக்கத்திலிருந்து தூரம்) என்ன, காற்று எந்தப் பக்கம்? கேம்ப் ஆபீஸ் மொட்டைமாடியில் வைத்து எடுத்த ரிசல்ட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே கரண்ட் இருக்கும், திருட்டுப் பயம் இல்லை, ஏணி கூட ரெடியாக இருக்கும். அடுத்த முறை சாம்பிள் எடுக்கும்போது நீங்களே போய் நின்று, வீடுகள் உள்ள இடத்தில், மண் வேலை நடக்கும் நாளில் வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் பேப்பர் எடைத் தாளையும் கேளுங்கள். சத்தமும் அப்படித்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். பகலில் அளந்துவிட்டு இரவில் மிக்ஸ் பிளான்ட்டை (தார்க் கலவை ஆலை) ஓட்டுவார்கள்.

அடுத்தது மண் எடுக்கும் இடம். ரோட்டில் நடப்பதை ஊரே பார்க்கும். நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மண் குழியை யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் வாரம் ஒருமுறை அங்கே போங்கள். சாலை அமைச்சகத்தின் ஸ்பெசிஃபிகேஷனிலேயே தெளிவாக இருக்கிறது: மேல்மண்ணை 150 மி.மீ. வரை தனியாகச் சீவி, 2 மீட்டருக்கு மேல் போகாத குவியலாக வைக்க வேண்டும். குழியைத் தொடர்ச்சியாக வெட்டக்கூடாது, 300 மீட்டருக்குள் ஒருமுறை 8 மீட்டர் வரப்பு விட வேண்டும். டேப் எடுத்துப் போனால் போதும், லேப் தேவையில்லை. அனுமதித் தாளையும் பாருங்கள். சாலை போன்ற வேலைகளுக்குச் சாதாரண மண் எடுக்க முன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு கொடுத்த விலக்கை, உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய விலக்கையே ஃபைலில் வைத்துக்கொண்டு லோடு அடிக்கிற சைட்கள் உண்டு. இப்போது நடைமுறையில் உள்ள விதி என்ன என்று கனிமவள உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஹாட் மிக்ஸ் பிளான்ட், கிரஷர் இரண்டுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எந்தத் தேதி வரை என்று மட்டும் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தெரியும். கிரஷர் வேறு ஒருவருடையது, நாங்கள் ஜல்லி வாங்குகிறோம் என்று சொல்வார்கள். வாங்கினாலும் இசைவாணை நகல் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

மரம்: வெட்டினதற்குப் பத்து மடங்கு நட வேண்டும் என்ற கணக்கில் நட்ட அன்று படம் எடுத்துப் பணமும் வாங்கிவிடுவார்கள். பணத்தை நடும்போது கொஞ்சம், ஒரு கோடை தாண்டிய பிறகு கொஞ்சம் என்று பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பனை இருந்தால் கூடுதல் கவனம்: ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லியாயிற்று.

இன்னொன்று. சமவெளியில் இருக்கிற மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்த 2006 இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிவிக்கைப்படி முன் அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. அதாவது பொதுமக்கள் கருத்துக் கேட்பு இல்லை, மத்திய அரசோ மாநில ஆணையமோ விதிக்கும் நிபந்தனைகளும் இல்லை. பேங்க் கேட்டதால் எழுதிய அந்த இஎம்பிதான் அந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்கிற ஒரே காகிதம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிளானிங்_மதுரை பதில்:

நான் கான்ட்ராக்டர் பக்கம் வேலை பார்ப்பவன். மேலே அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் சரி, ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போச்சு.

தூசி ஏன் வருகிறது? டேங்கர் ஓட்டாததால் மட்டுமா? அகலப்படுத்தும் பக்கம் மண்ணை வெட்டிப் போட்டுவிட்டோம். நடுவில் ஒரு மின்கம்பம், ஒரு குடிநீர்க் குழாய், இழப்பீடு முடியாத ரெண்டு கடை. ஒரு கிலோமீட்டரில் 200 மீட்டர் கிடைக்காது, அதற்காக மொத்த கிலோமீட்டரும் ஜிஎஸ்பி (அடித்தளச் சரளை) லெவலில் மாசக்கணக்கில் திறந்து கிடக்கும். நிலத்தையும் கம்பத்தையும் ஒப்படைக்க வேண்டியது வேலை கொடுத்தவர், அதாவது துறை. அவருக்கு யாரும் நோட்டீஸ் போடுவதில்லை.

தண்ணீருக்கும் அப்படித்தான். மே மாதம் எங்கள் பக்கம் ஊருக்கே குடம் வரிசை. அந்த ஊர்க் கிணற்றில் டேங்கர் போட்டு ரோட்டில் தெளித்தால் எங்களைக் கல்லால் அடிப்பார்கள், நானே அடிப்பேன். புதுப்பொறியாளன் சார், ஒரே நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் திறக்கலாம் என்பதை மாத புரோகிராமில் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். நிலம் முழுசாகக் கைக்கு வந்த பகுதியை மட்டும் வெட்டு என்று எழுதுங்கள். தூசி பாதி குறையும். எங்களுக்கும் டீசல் மிச்சம்.

டெண்டரில் இஎம்பி அயிட்டத்துக்கு ஒன்றுமில்லாத ரேட் போட்டு வேலையைப் பிடிப்பதும் நடக்கிறது, மறைக்கவில்லை. அப்படிப்பட்ட அயிட்டத்தில் பணத்தை நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை பதில்:

நான் பொறியாளர் இல்லை, ஆயக்கட்டு விவசாயி. எங்க ஊர் வழியாகவும் ரோடு அகலமாச்சு.

தூசி, சத்தம் எல்லாம் வேலை முடிஞ்சா போயிரும். எங்களுக்குப் போகாதது வரத்துக்கால், அதான் கண்மாய்க்குத் தண்ணி வர்ற கால்வாய். ரோட்டுக்கு அடியில தண்ணி போற பழைய கல்வெர்ட்டை இடிச்சுட்டு கான்கிரீட் பாக்ஸ் வச்சாங்க, பார்க்க நல்லா அகலமாத்தான் இருக்கு. ஆனா அதோட தரை கால்வாய்த் தரையை விட ஒரு முழம் உசரம். ஐப்பசி மழைக்கு மேற்கே தண்ணி குளமா நிக்குது, கிழக்கே கண்மாய் காஞ்சு கிடக்குது. கண்மாய் நிரம்பினா வழியற கலுங்கு போன வருசம் ஒருநாள்கூட மறுகால் போகல. சொல்லப் போனா "டிராயிங்படி செஞ்சிருக்கோம்"னு சொன்னாங்க. சர்வே எடுத்தது கோடையில, கால்வாய் முழுக்க மண்ணும் கருவேலமும் அடைச்சுக் கிடந்தப்ப. அந்த அடைப்போட மேல்மட்டத்தைத் தரைன்னு எடுத்துட்டாங்கன்னு எங்க ஊர்க் கொத்தனார் சொல்றார்.

தம்பி, கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ஊர் நீர்க்கட்டியை (வயலுக்குத் தண்ணி திறந்து விடுற ஆளு) கூட்டிப் போய் ஒவ்வொரு ஓடையிலும் நின்னு பாருங்க. போட்டப்புறம் என்ன எழுதினாலும் யாரும் இடிக்க மாட்டாங்க. அப்புறம் வேலை நடக்கும்போது லாரி போக கால்வாயில போடுற மண் பாதை, அதைப் புரட்டாசிக்குள்ள எடுத்துட்டாங்களான்னு பாருங்க. சைட் ஆபீஸ்ல குறை எழுதுற நோட்டு இருக்காம். எந்த ஆபீஸ்னே எங்களுக்குத் தெரியாது.

வன்னியன்_94 பதில்:

இலங்கையில் வீதி வேலைகளில் இருந்தவன். எங்கட தெற்கு அதிவேகப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்குப் பொருந்தும்.

கொட்டாவையில் இருந்து மாத்தறை வரை அப்போது போட்ட பாதை, காலி வரை 2011 நவம்பரில் திறந்தார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானும் கடன் கொடுத்தவை. சுற்றாடல் அறிக்கை ஒரு தடத்துக்குச் செய்துபோட்டு, பிறகு சில இடங்களில் தடத்தை மாற்றினார்கள். புதிய தடத்தில் வீடு வளவு இழந்த சனம் வழக்குப் போட்டது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அந்த மாற்றத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி தேவைப்பட்டது, பாதிக்கப்பட்டவர்களின் பேச்சைக் கேட்காமல் விட்டது பிழை என்று சொல்லி நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. பாதையை நிறுத்தவில்லை. அதே சனம் வங்கியின் இணக்க மீளாய்வுக் குழுவிடமும் போனது. 2005 இல் வந்த அறிக்கை, வங்கி தன் சொந்தக் கொள்கைகளையே சிலவற்றில் பின்பற்றவில்லை என்று கண்டு, பரிந்துரைகளும் தந்தது; அதற்குப் பிறகு அந்தக் குழு வருடா வருடம் கண்காணித்தது.

ஆகவே தம்பி, இஎம்பியில் உள்ள வரைபடத்தையும் இப்போது சைட்டில் பாதையைக் காட்ட அடித்து நிற்கும் ஆணியையும் ஒருக்கால் பொருத்திப் பாருங்கோ. புறவழி கொஞ்சம் நகர்ந்திருக்கும், கேம்ப் வேறு இடத்தில் இருக்கும், கல் வேறு மலையில் இருந்து வரும். மாறியிருந்தால் இஎம்பியைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கோ. உங்கள் அரையாண்டு அறிக்கையை வங்கி தன் இணையத்தளத்தில் போடும், ஊர்ச் சனமும் பத்திரிகைக்காரரும் அதை வாசிக்கலாம். இது தெரிந்தால் உங்கள் டீம் லீடரும் அந்த நாயின் படத்தைத் திரும்பப் போட யோசிப்பார்.

புதுப்பொறியாளன்:

எல்லாருக்கும் நன்றி. பிஓக்யூ பார்த்துவிட்டேன். தண்ணீர் தெளிப்புக்குத் தனி அயிட்டம் இல்லை. மண் குழி சீரமைப்புக்கு லம்ப்சம் (மொத்தமாக ஒரு தொகை) இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே பில் ஆகிவிட்டது, ஒரு குழிகூட இன்னும் மூடவில்லை. கண்மாய்க்கரை ஐயா சொன்ன மாதிரி இன்னும் கான்கிரீட் போடாத கல்வெர்ட்கள் நிறைய இருக்கின்றன, இந்த வாரமே ஊர்க்காரர்களுடன் போகிறேன். நோட்டீஸ் என் பெயரில் போகலாமா?

பழைய சைட்காரன்:

உங்கள் பெயரில் போகக்கூடாது. பொறியாளர் என்று ஒப்பந்தத்தில் யார் இருக்கிறாரோ, அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர் யாரோ, அவர் கையெழுத்து. டிராஃப்ட் நீங்கள் போடுங்கள். செயினேஜ், பார்த்த தேதி, எந்த விதி, என்ன செய்தால் சரியானதாக எடுத்துக்கொள்வோம், எத்தனை நாளில். "மேம்படுத்தவும்" என்று எழுதாதீர்கள், அதற்கு அவர்கள் "மேம்படுத்தினோம்" என்று பதில் போடுவார்கள். "செயினேஜ் இத்தனைக்கு இடப்பக்கக் குழியில் சரிவை வெட்டி, மேல்மண் பரப்பி, தண்ணீர் வெளியேற வழி" என்று எழுதுங்கள்.

பிளானிங்_மதுரை சொன்ன கம்பம், நிலம் விஷயமும் நியாயம்தான். அதையும் அதே அறிக்கையில் வேலை கொடுத்தவர் செய்ய வேண்டியவை என்று தனிப் பத்தியாகப் போடுங்கள், துறைக்காரர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அந்த லம்ப்சம்தான் எனக்கு இடிக்கிறது. எந்த மாத பில்லில், எதைக் காட்டி வாங்கினார்கள் என்று எம்-புக்கை (அளவு பதியும் புத்தகம்) பாருங்கள். யார் செக் பண்ணியது என்றும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் இங்கே எழுத வேண்டாம்.