கிரெடென்ஷியலிங் ஃபைல் எங்கே நின்னு போகுது? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டையில் இருந்து:

புதுசா இந்த வேலைக்கு வந்த தம்பி தங்கச்சிகள் கேட்டுக்கிட்டே இருக்கிறதால எழுதுறேன். அமெரிக்க மருத்துவக் குழுக்களுக்கு வீட்டில இருந்தே கிரெடென்ஷியலிங் பார்க்கிறேன். அதாவது, இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு டாக்டரோட படிப்பு, வேலை வரலாறு எல்லாத்தையும் சரிபார்த்துத் தன் நெட்வொர்க்கில சேர்க்கிறதுக்கான ஃபைலைத் தயார் பண்ணி அனுப்புற வேலை. கோடைகாலத்துல இங்கே சாயங்காலம் அஞ்சரைன்னா அங்கே கிழக்குக் கரையில காலை எட்டு.

டாக்டர் வேலையில சேர்ந்திருப்பாங்க, நோயாளிகளும் வருவாங்க. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி நெட்வொர்க்கில அவங்க பெயர் ஏறியிருக்காது. அந்த நாட்கள்ல பார்த்த நோயாளிக்கு க்ளெய்ம் போட்டா மறுத்துடுவாங்க. அமெரிக்க அரசோட இன்சூரன்ஸான மெடிகேர்ல சில நிபந்தனைகளோட 30 நாள் வரைக்கும் பின்னோக்கி பில் போட இடம் உண்டு. தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் முன்தேதி கொடுக்கிறதில்ல. ஒரு கம்பெனியில ஃபைல் முடியவே 90 முதல் 120 நாள் சாதாரணமா ஆகும். அதனால சேரப்போற தேதிக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சாகணும்.

"கம்பெனிக்காரன் இழுத்தடிக்கான்"னு எல்லாரும் சொல்லுதாங்க. என் அனுபவத்துல, ஃபைல் நம்ம கையை விட்டுப் போகும்போதே தாமதமும் கூடவே போயிடுது. ஒரே விஷயத்தை நாலு காகிதம் நாலு விதமா சொல்லும், அதான் காரணம்.

ஒரு கிளினிக்கோட விலாசத்தைச் சொல்றேன். என்பிஐ (டாக்டரோட தேசிய அடையாள எண்) பதிவுல தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும். டபிள்யூ-9 வரிப் படிவத்துல அதோட 'ஸ்வீட் 204'னு அறை எண்ணும். சிஏக்யூஹெச்-ல, அதாவது கம்பெனிகள் டாக்டர் விவரங்களை எடுத்துப் பார்க்கிற பொதுத் தளத்துல, பழைய கட்டடத்து விலாசம். மூணுமே அந்த டாக்டரோட விலாசந்தான், எதுவும் பொய் இல்ல. ஆனா சரிபார்க்கிறவங்களுக்கு அது மூணு இடம். ஃபைல் ஓரமா போயிடுச்சு, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்ல. இப்போ எந்த விண்ணப்பத்தைத் தொடுறதுக்கு முன்னாலயும் மூணையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கிறேன். நிறுவனப் பெயர்ல ஒரு கமா, ஒரு 'எல்எல்சி' விடுபட்டாக்கூட வரித்துறைக் கடிதத்துல இருக்கிறபடி திருத்திட்டுத்தான் மறுவேலை.

அடுத்தது வேலை வரலாறு. வெறும் வருஷம் போட்டா போதாது, மாசமும் வேணும். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தர விதிகள் வகுக்கிற என்சிக்யூஏ அமைப்போட விதிப்படி ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி இருந்தா விளக்கம் கேட்டாகணும். ஒரு வருஷத்தைத் தாண்டினா அது எழுத்துல இருக்கணும். ஒரு டாக்டரம்மா ரெசிடென்சி (ஆஸ்பத்திரிப் பயிற்சி) முடிச்சிட்டு, அம்மாவைப் பார்த்துக்க ஊருக்கு வந்திருந்தாங்க. அதைச் சொல்லத் தயங்கினாங்க. தயங்க ஒண்ணுமே இல்ல. "குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்தேன்"னு மாசத்தோட ஒரே வரி போதும். அந்த வரி இல்லாம போனாத்தான் ஃபைல் திரும்பி வரும்.

சிஏக்யூஹெச்-ஐப் பத்தி ரெண்டே விஷயம். 120 நாளைக்கு ஒரு தடவை விவரமெல்லாம் சரின்னு டாக்டர் மறுபடி அட்டெஸ்ட் பண்ணணும். அந்தந்தக் கம்பெனி பார்க்கிறதுக்கு அனுமதியும் கொடுத்திருக்கணும். ஃபைல் முழுசா இருந்தும் அனுமதி கொடுக்காததால கிடப்புல போனதை நிறையப் பார்த்திருக்கேன். மால்ப்ராக்டிஸ் (சிகிச்சைத் தவறுக்கான) இன்சூரன்ஸ் சான்றிதழ் நடுவுல காலாவதி ஆகுதான்னும் பார்த்துக்கோங்க. புதுசு வந்த அன்னைக்கே ஏத்திடணும்.

ஹைகிரவுண்டு திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ்ல 80-களின் தொடக்கத்துல படிச்ச ஒரு டாக்டரோட ஃபைல் வந்தது. விண்ணப்பத்துல பல்கலைக்கழகம்னு எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தைப் போட்டிருந்தாங்க. நம்ம மெடிக்கல் காலேஜ் இப்போ அதோட இணைஞ்சிருக்குங்கிறதால யாரோ அப்படி நிரப்பியிருக்காங்க. அந்தப் பல்கலைக்கழகச் சட்டமே 1987-ல தான் வந்தது. அவர் பட்டத்துல மதுரை காமராசர் பல்கலைக்கழகம்னு இருந்தது. நம்ம ஊர்க்காரங்க கண்ணுக்கு இது உடனே படும். வேற யார் கையிலயாவது சிக்கியிருந்தா கடிதப் போக்குவரத்துலயே மாசங்கள் போயிருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து:

அக்கா, நான் நர்ஸ், வளைகுடா பக்கம் போறதுக்கு டேட்டாஃப்ளோ (சான்றிதழ்களைச் சரிபார்க்கிற நிறுவனம்) போட்டவ. நீங்க சொல்ற விலாசக் கதை எங்களுக்குப் பெயர்ல நடக்குது. பள்ளிச் சான்றிதழ்லயும் நர்சிங் கவுன்சில் பதிவுலயும் பெயருக்கு முன்னால ஒத்தை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பெயர் முழுசா சர்நேம் இடத்துல. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவங்களுக்கு அங்கே வீட்டுக்காரர் பெயர். மூணும் ஒரே ஆள்தான்னு நமக்குத் தெரியும். துபாய்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலோட விரிவு சான்றிதழ்ல இருக்கான்னு பார்த்துக்கோங்க தங்கச்சிகளா. இல்லாட்டி ரெண்டு பெயரும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் வாங்கி முதல் நாளே கூட வைங்க, கேட்ட பிறகு ஓடாதீங்க. வேலை பார்த்த ஆஸ்பத்திரியில அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி மூணும் சரியா இருக்கணும். அதைவிட முக்கியம், சரிபார்ப்பு மெயில் வந்தா பதில் போடுற ஆள் அங்கே இருக்கணும். என் பழைய ஆஸ்பத்திரியில மெயில் வந்து யாரும் திறக்காமலே கிடந்தது. ஹெச்ஆர்ல இருந்த அண்ணாச்சியை நேர்ல போய்ப் பார்த்து, "அண்ணாச்சி, இந்தப் பெயர்ல ஒரு மெயில் வந்திருக்கும், கொஞ்சம் பாருங்க"ன்னு சொன்ன பிறகுதான் நகர்ந்தது. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, நம்ம பொழைப்பு அது.

வண்ணார்பேட்டையில் இருந்து:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஃபாலோ அப் பக்கம் இருக்கேன், அதைப் பத்தி மட்டும் சொல்லுதேன். ஃபைல் அனுப்பின பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு "ஸ்டேட்டஸ் என்ன"ன்னு கேட்டா "இன் ப்ராசஸ்"னு வைச்சிடுவாங்க. அப்படிக் கேட்காதீங்க. ஃபைல் வந்து சேர்ந்துச்சா, மூலச் சரிபார்ப்பு (சான்றிதழ் கொடுத்த இடத்துலயே கேட்டு உறுதி பண்றது) முடிஞ்சுதா, டாக்டரைச் சேர்க்கலாமான்னு முடிவு பண்ற கமிட்டிக்கு எந்தத் தேதி போகுதுன்னு கேளுங்க. நிறைய இடத்துல கமிட்டி மாசம் ஒரு தடவைதான் கூடும். ஒரு காகிதம் ரெண்டு நாள் பிந்தினா அடுத்த மாசத்துக்குத் தள்ளிடும். பேசினவங்க பெயர், தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் மூணையும் அன்னைக்கே குறிச்சு வைங்க.

கமிட்டி ஒத்துக்கிட்டதும் முடிஞ்சுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவங்க சிஸ்டத்துல பெயர் ஏறி, எந்தத் தேதியில இருந்து செல்லும்ங்கிறது எழுத்துல வரணும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கம்பெனி நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் போடலாம்னு கிளினிக்குக்கு மெயில் அனுப்புதேன்.