மலிவு மைப்பேனை: மை ஏறாவிட்டால் திருத்துவதா, எறிவதா?

களுவாஞ்சிக்குடித் தம்பி:
போன கிழமை மட்டக்களப்பு ரவுனில் இரண்டு சீன மைப்பேனை வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கொத்துரொட்டிக் காசை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒன்று பழைய மாதிரி, பின்னால் உலோகப் பட்டியை அழுத்தி மை இழுக்கிற வகை. மற்றது திருகுகிற கொன்வேட்டர், அதாவது மை இழுக்கிற கழற்றிப் பூட்டும் சின்னக் குழாய், போட்டது. எழுதுவதற்கு இரண்டும் நல்ல சுகம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதில் மை கொஞ்சம்தான் ஏறுகிறது, அரைப் பக்கம் எழுதினால் வறண்டுவிடுகிறது. இரண்டாவதைத் திருகினால் மைக்குப் பதிலாகக் காற்றுத்தான் வருகிறது. கடைக்காரர் "இந்த விலைக்கு இதுதான் தம்பி" என்று சொல்லிவிட்டார். திருத்தலாமா, விட்டுவிடட்டுமா?

கந்தோர்க்காரன்:
விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்குக் கட்டுக் கட்டாகப் போல்பொயின்ற் வாங்கலாம். மைப்பேனைதான் வேண்டுமென்றால் காசு சேர்த்து ஒழுங்கான ஜப்பான் பேனை ஒன்று எடுங்கள். மலிவாக வாங்கி, பிறகு அதைத் திருத்த நேரத்தைச் செலவழிப்பது இரட்டை நட்டம்.

வாவிக்கரையான்:
எறிய வேண்டாம் தம்பி. முதலாவது பேனையில் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

பட்டியை அழுத்துகிற இந்த முறை பார்க்கர் 51 பேனைக்கு 1948இல் வந்தது. பேனை 1941இலேயே வந்துவிட்டது, மை இழுக்கும் முறையைத்தான் பிறகு மாற்றினார்கள். ஹீரோ 616 போன்ற சீனப் பேனைகள் அந்த வழியில் செய்தவை. பட்டியை அழுத்தினால் உள்ளே அமுங்குகிற மைப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஈர்க்கு மாதிரி மெல்லிய குழாய் ஒன்று நிப் பக்கமிருந்து பையின் மறு நுனி வரை போகும். எல்லா வேலையும் அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

நிப்பை மைக்குள் வைத்து ஒருதரம் அழுத்தி விட்டால் பை நிறையாது. கீழே கொஞ்சம் மை, மேலே மிச்சக் காற்று. இரண்டாம் முறை அழுத்தும்போது குழாயின் வாய் மேலே காற்றுக்குள் இருப்பதால் அந்தக் காற்றுத்தான் குழாய் வழியே வெளியே போகும். ஏறிய மையில் பெரும்பங்கு அப்படியே நிற்கும். கையை விட்டால் இன்னும் மை வரும். இப்படி ஒவ்வொரு அழுத்தலுக்கும் மட்டம் உயரும். ஒரு தடவை அழுத்திவிட்டுப் பேனையைத் தூக்குகிறவர்கள்தான் "மை ஏறவில்லை" என்று முறையிடுகிறார்கள். பார்க்கர் 51இன் உலோக உறையிலேயே பல தடவை அழுத்தச் சொல்லி வாசகம் பொறித்திருந்தது என்றால் யோசித்துப் பாருங்கள்.

நிப் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள கழுத்தின் விளிம்பும் மைக்குள் இருக்க வேண்டும். விட்ட பிறகு ஐந்தாறு விநாடி பொறுங்கள், பை மெதுவாகத்தான் விரியும். குமிழி வருவது நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படியும் ஏறாவிட்டால் குழாய் அடைத்திருக்கும், இல்லையென்றால் கழன்று விழுந்திருக்கும். அடைப்பு என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கொதிநீரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். பிளாஸ்ரிக் வளைந்தோ வெடித்தோ போகும்.

கந்தோர்க்காரன்:
ஒரு பேனைக்கு மை அடிக்க இவ்வளவு பாடமா? லாஸ்லோ பிரோ என்ற பத்திரிகைக்காரர் 1938இல் போல்பொயின்றுக்குக் காப்புரிமை எடுத்ததே இந்தத் தொல்லை வேண்டாமென்றுதான். நீங்கள் திரும்பவும் பின்னுக்குப் போகச் சொல்கிறீர்கள்.

கல்முனைக் காக்கா:
கந்தோர்க்காரரே, சைக்கிள் செயின் கழன்றால் சைக்கிளை எறிகிறோமா? தம்பி, உங்களுடைய இரண்டாவது பேனைக்கு வருவோம். கொன்வேட்டரைப் பேனையிலிருந்து கழற்றி, அதன் வாயை நேரே மைப் போத்தலுக்குள் வைத்துத் திருகுங்கள். மை ஏறினால் கொன்வேட்டர் சுகம், பிழை அது பொருந்துகிற இடத்தில். ஏறாவிட்டால் உள்ளே இருக்கிற பிஸ்டன் காற்று விடுகிறது.

பொருந்துகிற இடம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சீனப் பேனைகளில் இரண்டு அளவு கலந்து வருகிறது: கொன்வேட்டர் வாயின் உள்விட்டம் 2.6 மில்லிமீற்றர், 3.4 மில்லிமீற்றர். கடையில் ஆளுக்காள் பேனையைக் கழற்றிப் பார்க்கும்போது கொன்வேட்டர் மாறிவிடும். பெரிய வாய் பேனைக்குள் இருக்கிற சின்ன முனையில் ஏறினால் தளர்வாக நிற்கும். பிறகு நீங்கள் திருகினால் அந்த இடைவெளியால் காற்றைத்தான் இழுக்கும். இறுக்கமாக உட்காராத கொன்வேட்டருக்குப் பசை தடவாதீர்கள், சரியான அளவை மாற்றுங்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி: பாமசியில் சிரிஞ்ச் வாங்கி, மை முடிந்த காட்ரிஜ் (மை நிரப்பி வருகிற சின்னக் குழாய்) ஒன்றைக் கழுவி அதற்குள் மை விட்டுப் போடுங்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

படுவான்கரை மச்சான்:
பிஸ்டன் இறுகினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டிலேயே இருக்கிறது, கடைக்கு அலையத் தேவையில்லை.

வாவிக்கரையான்:
மச்சான், அது மட்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கெடுத்துப் பிசுபிசுத்துப் போகும். மையோடும் சேராது, நிப்பில் போய்ப் படிந்தால் மை ஒழுங்காக வராது. வசிலினும் கூடாது, றப்பரைப் பழுதாக்கும். சுத்தமான சிலிக்கன் கிறீஸ்தான் தேவை, அதுவும் ஈர்க்கு நுனியில் தொட்ட அளவு.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க நம்முடைய கடலுக்குள் இறங்குகிறார்களே, அந்தச் சுழியோடிகள் ரோச் லைற்றுக்கும் கமராவுக்கும் தண்ணீர் புகாமல் றப்பர் வளையத்தில் பூசுவது இதே சாமான்தான். சுழியோடிகளைத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு சுண்டு விரல் நுனியளவு கேட்டு வாங்குங்கள். அது ஆயுளுக்கும் போதும்.

படுவான்கரை மச்சான்:
என் பேனைக்கு எண்ணெய் விட்டுக் கனகாலம். இன்னும் எழுதுகிறது. பேனைக்குக் கிறீஸ் தேடிக் கடலுக்குப் போகச் சொல்கிறீர்கள்!

ஆரையம்பதி ரீச்சர்:
ஒருவர் போல்பொயின்ற் என்கிறார், மற்றவர் கிறீஸ் என்கிறார். பிள்ளைகள் பக்கம் யாரும் பார்க்கவில்லை. மலிவு மைப்பேனை வகுப்புக்குள் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? வெள்ளைச் சட்டையில் நீலப் பூ. காலையில் ஒழுங்காக எழுதின பேனை பதினொரு மணி வெயிலுக்குப் பிறகு மூடிக்குள் மையைக் கக்கி வைத்திருக்கும். அம்மாமார் என்னிடம்தான் வருகிறார்கள். மை ஏறாதது உங்கள் பிரச்சினை. மை தானாக இறங்குவது எங்கள் பிரச்சினை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மைப்பேனை பிடித்த பிள்ளை அழுத்தி எழுதாது, எழுத்து விரிந்து வரும். அதனால்தான் முற்றாக மறுக்க மனம் வரவில்லை.

கல்முனைக் காக்கா:
ரீச்சர், கக்குவதற்குக் காரணம் வெயில்தான், அதோடு பேனை பாதி வெறுமையாக இருப்பது. உள்ளே இருக்கிற காற்றுச் சூடானால் விரியும், முன்னால் நிற்கிற மையை வெளியே தள்ளும். நிப்பின் அடியிலுள்ள நாக்கில் சீப்புப் பல் போல வெட்டு வெட்டாக இருக்கிறதல்லவா, மிதமிஞ்சிய மையை அது பிடித்து வைக்கும். மலிவுப் பேனைகள் சிலவற்றில் அந்த வெட்டுக் குறைவு, பிடிக்கிற மையும் குறைவு. பேனையை நிறைத்து வைத்து, நிப் மேலே பார்க்கும்படி வைத்தால் பாதித் தொல்லை தீரும். புத்தகப் பைக்குள் படுக்கவைத்தால் கக்கத்தான் செய்யும்.

ஆரையம்பதி ரீச்சர்:
முப்பது பிள்ளைகளின் பைக்குள் பேனை நிமிர்ந்து நிற்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கட்டுமா காக்கா? வீட்டில் பழகட்டும். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்.

வாவிக்கரையான்:
ரீச்சர் சொல்வது நியாயம்தான். வீட்டில் எழுதுவதற்கு என்று வைத்துக்கொண்டாலும் தண்ணீர் விஷயம் ஒன்று இருக்கிறது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்ப்பாகும். அதில் பேனையைக் கழுவிக் காயவிட்டால் உப்பு படிந்து மெல்லிய வாய்க்கால்களை அடைக்கும். கழுவுவது எதிலென்றாலும், கடைசி அலசல் காய்ச்சி வடித்த தண்ணீரில் இருக்கட்டும். பற்றரிக்கு விடுகிறார்களே, அதேதான். கவனம், அசிட் போத்தலை எடுத்துவிடாதீர்கள்.

மையிலும் பார்த்து நடவுங்கள். படம் வரைகிற கறுப்பு இந்தியன் மை, முத்திரை பாட் மை, பிரின்ரர் மை மூன்றும் மைப்பேனைக்கு எதிரி. இந்தியன் மையில் பல அரக்குச் சேர்ந்தவை. உள்ளே காய்ந்தால் பிறகு பேனையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பார்க்கரின் குயிங்க் மாதிரிச் சாதாரண மை போதும். அது 1931இல் இருந்து இருக்கிற சரக்கு.

கந்தோர்க்காரன்:
இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் என்னாகும்? 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? நம்முடைய ஊரில் மாரி வந்தால் அலுமாரியின் கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் ஏறுவது புதினமல்ல. நான் பார்த்த பதிவுப் புத்தகங்களில் மைப்பேனைப் பக்கம் எல்லாம் நீலத் தண்ணீராகிவிட்டது. போல்பொயின்றால் எழுதியது காய்ந்த பிறகு வாசிக்கக்கூடியதாக இருந்தது. காபன் பிரதி எடுக்கவும் உங்கள் பேனையால் அழுத்த முடியாது. சுகம் சுகம் என்கிறீர்கள், கணக்குப் புத்தகத்துக்குச் சுகம் தேவையில்லை.

கல்முனைக் காக்கா:
வெள்ளத்துக்கு நிற்கிற மையும் உண்டு. பிளாட்டினம் என்ற ஜப்பான் கொம்பனியின் கார்பன் மை கறுப்பு நிறமித் துகளால் செய்தது, காய்ந்த பிறகு தண்ணீருக்குக் கரையாது.

கந்தோர்க்காரன்:
அந்தத் துகள் மலிவுப் பேனைக்குள் காய்ந்தால்?

கல்முனைக் காக்கா:
அடைக்கும். மறைக்க மாட்டேன். மூடி சரியாக இறுகாத பேனையில் ஒரு மாதம் விட்டால் பிறகு ஊறவைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் மலிவுக்குள்ளும் தெரிந்து எடுக்கலாம். அதே பிளாட்டினத்தின் பிரெப்பி என்ற பேனையின் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி ஒன்று இருக்கிறது. அது நிப்பைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும், மை மாதக்கணக்கில் காயாது. காட்ரிஜ் மட்டும் அவர்களுடைய அளவுதான், மற்றது பொருந்தாது. காட்ரிஜ்ஜே வேண்டாமென்றால் கழுத்துப் புரியில் சிலிக்கன் கிறீஸ் தடவி, றப்பர் வளையம் ஒன்று போட்டு, உடலுக்குள் நேரே மை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறைய மை பிடிக்கும். வெறுமையானால் ரீச்சர் சொன்ன கக்கல் அதில் இன்னும் கூட, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கந்தோர்க்காரன்:
அப்படியானால் நான் முதலில் சொன்ன ஜப்பான் பேனைக்கே வந்துவிட்டீர்கள்.

வாவிக்கரையான்:
பிரெப்பி ஜப்பான் பேனைதான், விலையிலோ மலிவுப் பேனை. நீங்கள் காசு சேர்க்கச் சொன்னீர்கள், அவர் சேர்க்காமலே வாங்கச் சொல்கிறார். இரண்டும் ஒன்றா?

களுவாஞ்சிக்குடித் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. பட்டிப் பேனையில் குழாய் இருக்கிறது, ஊறவைத்ததும் கட்டி மை வெளியே வந்தது. பொறுத்துப் பொறுத்து அழுத்தினேன், இப்போது பை முக்கால்வாசி நிறைகிறது. காக்கா சொன்ன மாதிரிக் கொன்வேட்டரைக் கழற்றிப் போத்தலுக்குள் வைத்துத் திருகினால் மை நன்றாக ஏறுகிறது, பேனையில் போட்டால் ஆடுகிறது. ஆகவே அளவுதான் பிழை. ஆனால் ஒன்று, கொன்வேட்டரில் நேரே மை ஏற்றிப் போட்டு எழுதியபோது மை பின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு முன்னால் இறங்கவில்லை. தட்டினால்தான் வருகிறது. அதற்கு என்ன செய்வது?

கல்முனைக் காக்கா:
அது மையின் பரப்பு இழுவிசை. ஒடுக்கமான குழாயில் மை ஒரு பக்கத்தில் தொங்கி நிற்கும், காற்று முன்னால் மாட்டிக்கொள்ளும். கொன்வேட்டரை, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அலசி, பிறகு மேலோட்டமாகத் தண்ணீர் விட்டெடுங்கள். துளிக்கும் குறைவாகச் சவர்க்காரம் மிஞ்சினாலே மை வழுக்கி இறங்கும். சிலவற்றில் இதற்காகவே சின்ன உருக்குக் குண்டு உள்ளே போட்டு வருகிறது. சரியான அளவு என்னிடம் மேலதிகமாகக் கிடக்கிறது, கல்முனைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

படுவான்கரை மச்சான்:
தேங்காய் எண்ணெய்க்கும் மை வழுக்கும்.

வாவிக்கரையான்:
மச்சான்!

களுவாஞ்சிக்குடித் தம்பி:
சரி காக்கா, வருகிறேன். கடைசியாக ஒன்று, கந்தோர்க்காரர் கோபிக்கக் கூடாது. திங்கட்கிழமை கந்தோருக்கு லீவு விண்ணப்பம் எழுத வேண்டும். பட்டிப் பேனையால் எழுதலாமா?

கந்தோர்க்காரன்:
எழுதலாம். மழை பெய்தால் லீவு இல்லை.