99 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல்: ஆம்ப்ளிஃபயரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக, 86 டெசிபல் உணர்திறன் (2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எழும் ஒலி அளவு) கொண்ட சிறிய ஸ்பீக்கர்களை, பக்கத்துக்கு 100 வாட் தரும் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருடன் எந்தக் குறையும் இல்லாமல் கேட்டு வந்தேன். சென்ற மாதம் 99 டெசிபல் உணர்திறன் உள்ள ஹார்ன் (புனல்வாய்) ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அன்றிரவு மின்விசிறியை நிறுத்தியதும், பாட்டு ஓடாத வேளையிலும் இரண்டு ஹார்ன்களிலிருந்தும் 'உஸ்' என்ற இரைச்சல் வருவதைக் கேட்டேன். பத்தடி தள்ளி அமர்ந்தாலும் அது மெல்லக் கேட்கிறது. வால்யூம் குமிழைக் கடிகாரக் கணக்கில் ஏழு மணியிலிருந்து எட்டரைக்குத் திருப்புவதற்குள் வீடு அதிர்கிறது. அந்தச் சிறிய இடைவெளியிலும் இடப்பக்கம் ஓங்கி ஒலிப்பதால், பாடகர் நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்பதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கரில் பழுதா? 8 வாட் தரும் 300பி (ஒரு வகை வெற்றிடக் குழாய்) வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். 100 வாட்டை விட்டு எட்டுக்கு இறங்கத் தயக்கமாக இருக்கிறது.

முதல் பதில்

உங்கள் ஸ்பீக்கரில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. முன்பும் இருந்த இரைச்சலைத்தான் அது இப்போது வெளியே காட்டுகிறது. 86-க்கும் 99-க்கும் உள்ள 13 டெசிபல் வித்தியாசம் ஆற்றல் கணக்கில் இருபது மடங்கு. பாட்டுக்குக் கிடைக்கும் அந்த இருபது மடங்கு, ஆம்ப்ளிஃபயர் தானாக உண்டாக்கும் இரைச்சலுக்கும் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருப்பதாகக் கொள்வோம். உணர்திறனை அளக்கப் பயன்படும் 2.83 வோல்ட்டைவிட அது 69 டெசிபல் கீழே இருக்கிறது. பழைய ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் அது 17 டெசிபலாக அமுங்கிக் கிடந்திருக்கும். புதியதில் 30 டெசிபலாக எழுந்து, அமைதியான இரவில் காதில் விழும்.

குமிழின் சிக்கலுக்கும் வாட்டைக் குறை சொல்வதற்கில்லை, ஆம்ப்ளிஃபயர் வரும் மின்னழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற பெருக்கம்தான் காரணம். ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதிகள் பலவற்றில் பெருக்கம் 29 டெசிபல் அளவில், அதாவது ஏறத்தாழ 28 மடங்காக இருக்கும். சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டை அது 56 வோல்ட்டாக்க முயலும். நீங்கள் சாதாரணமாகக் கேட்கும் அளவுக்கோ ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கே தாராளம். அதனால் குமிழ் அடிமட்டத்திலேயே நிற்கிறது. குமிழுக்குப் பின்னுள்ள இரட்டை மின்தடையின் இரு பக்கங்களும் சரியாக ஒத்துப்போகாத இடமும் அந்த அடிமட்டம்தான்.

வால்யூமை முழுவதும் குறைத்தால் இரைச்சல் மாறுகிறதா என்பதையும், பின்புறத்தில் (குமிழ் உள்ள முன்பகுதியின் வெளியீடான) 'பிரீ அவுட்', (பவர் பகுதியின் உள்ளீடான) 'மெயின் இன்' என்ற துளைகள் உள்ளனவா என்பதையும் தெரிவியுங்கள்.

கேட்டவர்

வால்யூமைச் சுழியத்தில் வைத்தாலும், எல்லா இணைப்புகளையும் கழற்றினாலும் இரைச்சல் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொன்ன துளைகளை இரண்டு உலோக வளைவுகள் இணைத்துள்ளன.

இரண்டாவது பதில்

அந்த உலோக வளைவுகள் இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அவற்றை உருவி, 'மெயின் இன்' துளைகளில் உள்முனையும் வெளிவளையமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஆர்.சி.ஏ. பிளக்குகளை (சிடி பிளேயர் கம்பியின் முனையில் இருப்பவை போன்றவை) செருகிய பிறகு இயக்கிப் பாருங்கள். அதே பிளக்குகளை 'பிரீ அவுட்' பக்கம் தவறிச் செருகிவிடாதீர்கள். இரைச்சல் பெரிதும் குறைந்தால் அது முன்பகுதியிலிருந்து வருகிறது என்று பொருள். குறையாவிட்டால் பவர் பகுதியே காரணம், அப்போது வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

முன்பகுதிதான் என்று தெரிந்தால், முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் 12 டெசிபல் குறைப்பான் போதும். 10 கிலோ ஓம் மின்தடை தொடராகவும், அதற்குப் பின் 3.3 கிலோ ஓம் தரைக்குக் குறுக்காகவும் வைத்தால் மின்னழுத்தம் கால் பங்காகும்; ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மின்தடைகள், 'மெயின் இன்'னுக்கு அருகிலேயே. செலவு ஒரு தேநீருக்கு ஆவதைவிடக் கொஞ்சம் கூடலாம். குறைப்பானை சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் போட்டால் குமிழ் மேலே வரும், இரைச்சலோ அசையாது; பலர் அங்கே போட்டு ஏமாந்திருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன்.

கேட்டவர்

பிளக்குகளைச் செருகியதும் காதை ஹார்னுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால்தான் இரைச்சல் கேட்டது. குறைப்பானையும் செய்து பொருத்திவிட்டேன். குமிழ் இப்போது பத்தரை மணியில் நிற்கிறது, பாடகரும் நடுவுக்கு வந்துவிட்டார். ஆனாலும் 300பி ஆசை போகவில்லை. 8 வாட் உண்மையிலேயே போதுமா?

மூன்றாவது பதில்

சத்தத்தின் அளவுக்குப் போதும். 8 வாட் என்பது ஒரு வாட்டைவிட 9 டெசிபல் அதிகம். ஆகவே ஒரு மீட்டரில் 108 டெசிபல் கிடைக்கும், மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்துக் கேட்டாலும் மிருதங்கத்தின் உச்ச அடிகளுக்கு 100 டெசிபலைச் சுற்றி இடம் இருக்கும். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ், அறையின் மூலையில் வைக்கும் தம் ஹார்னை விற்பனைக்குக் கொண்டுவந்த 1946-இல் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களே சில வாட்டுகள்தாம் தந்தன. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மட்டும் கவனம் தேவை: 8 ஓமில் ஒரு வாட்டாகும் 2.83 வோல்ட் அதில் இரண்டு வாட்டாகிவிடுவதால், 99 என்று அச்சிட்டிருப்பது ஒரு வாட்டுக்கு 96-தான்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வாட்டைப் பற்றியது அன்று. எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டை உள்ளீட்டுடன் ஒப்பிட்டுத் திருத்தும் முறை) இல்லாத, பக்கத்துக்கு ஒரே 300பி உள்ள ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான தடை) 2, 3 ஓம் வரை இருக்கும். உங்கள் ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 4 ஓமாகவும் இன்னோர் அதிர்வெண்ணில் 30 ஓமாகவும் மாறுமானால், 2.5 ஓம் வெளியீட்டுடன் அந்த இரண்டுக்கும் இடையில் மூன்றரை டெசிபல் ஏற்றத்தாழ்வு உருவாகும். சிலருக்கு அதுவே 'வால்வு இனிமை'. எனக்கு அது தளர்ந்த பேஸாகத்தான் கேட்டது. மேலும், வால்வைச் சூடாக்கும் இழைக்கு மாறுமின்னோட்டம் தரும் வடிவமைப்புகளில் 'ம்ம்' என்ற உறுமல் மிஞ்சும். முதல் பதிலில் உள்ள அதே 1 மில்லிவோல்ட் கணக்கு அங்கேயும் பொருந்தும். உஸ்ஸை விரட்டிவிட்டு உறுமலை விலைக்கு வாங்க வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், அந்த ஆம்ப்ளிஃபயரை உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கருடன், 4 ஓம், 8 ஓம் முனைகள் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

கேட்டவர்

கடைக்காரர் ஒரு வார இறுதிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.