உதவி: பிக்கப் டீசல் வாய்க்குள் மண் போகிறது (மூடி இல்லாத வகை)

வண்டிக்காரன் தங்கச்சிமடம் | காலை 5:40
அண்ணன்மாரே, அவசரம். என் பிக்கப்பின் டீசல் வாய் மூடி இல்லாத வகை. உள்ளே மண் போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு தடவை ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. நேற்று பாம்பன் பாலம் ஏறும்போது, ரயில் பாலத்தைப் படம் எடுக்கச் சுற்றுலா வண்டிகள் ஓரம் கட்டி நிற்குமே, சரியாக அங்கே இழுவை போய்விட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மண் போகாமல் எப்படித் தடுப்பது? லோடு நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏர்வாடிக்காரன் | காலை 6:02
மூடி இல்லை என்றால் ஒரு மூடி வாங்கிப் போடுங்கள் தம்பி. இதற்கு எதற்கு ஒரு தனி விவாத இழை?

சாயல்குடி சரக்கு | காலை 6:15
என்ன வண்டி? குட்டியானையா, பெரிய பிக்கப்பா? எந்த வருடம்? டீசல் வாய் பாடிக்குக் கீழேயா, பக்கவாட்டில் கதவு வைத்தா? மண் என்றால் கடற்கரை மணலா, ரோட்டுப் புழுதியா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

பழைய ஸ்பேனர் | காலை 6:31
கேள்வி எப்படிக் கேட்க வேண்டும் என்று இந்தப் பகுதியின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வண்டி, வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். நாலே வரி. அதைப் படிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை, ஆனால் நாங்கள் மட்டும் விடிகாலையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக வண்டிக்குக் கீழே படுத்து எழுந்தவன் சொல்கிறேன்: மூடி இல்லாத வாயோடு வந்த சரக்குப் பிக்கப் ஒன்றைக்கூட நம் பக்கம் நான் பார்த்ததில்லை. மூடியைத் தொலைத்துவிட்டு 'வகை' என்று பெயர் வைக்காதீர்கள்.

கீழக்கரை தம்மாம் | காலை 7:10
ஸ்பேனர் அண்ணே, அப்படி ஒரு வகை உண்டு. ஃபோர்டு வண்டிகளில் 2008 வாக்கிலேயே வந்துவிட்டது. நான் இங்கே சவூதியில் ஓட்டுகிற கம்பெனி பிக்கப்பும் அதே மாதிரிதான். திருகுகிற மூடி கிடையாது. வாய்க்குள் ஸ்பிரிங் வைத்த தட்டு இருக்கும். சரியான பருமன் உள்ள பங்க் நாசில் உள்ளே போனால்தான் பூட்டு விலகித் தட்டு திறக்கும். சின்னக் குழாயை விட்டால் திறக்காது. டீசல் வண்டியில் யாராவது மறதியாகப் பெட்ரோல் நாசிலை விட்டாலும் திறக்காது, ஏனென்றால் பெட்ரோல் நாசில் டீசல் நாசிலை விட ஒல்லி. திருட்டுக்கும் கொஞ்சம் தடை.

தொல்லை என்னவென்றால் தட்டுக்கு மேலே ஒரு கிண்ணம் மாதிரி பள்ளம் இருக்கும், புழுதி அங்கேதான் உட்காரும். நாசிலைத் தள்ளும்போது அவ்வளவும் நேரே டேங்குக்குள். இங்கே ஷமால் காற்று அடித்தால் விரல் நுனி அளவு சேர்ந்துவிடும். டீசல் போடுமுன் ஈரத்துணியால் துடைப்பேன். காற்று அடித்து ஊத மாட்டேன், ஊதினால் தட்டின் இடுக்கு வழியாக உள்ளேதான் போகும். கம்பெனி வண்டியில் பள்ளத்துத் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளையும் இருக்கும். அது அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி.

ஏர்வாடிக்காரன் | காலை 7:25
இவ்வளவு எதற்கு? தடிமனான பாலிதீனை நாலாக மடித்து வாயில் போர்த்தி, சைக்கிள் டியூபை வெட்டி ரப்பராக மாட்டிவிடுங்கள். ஒரு மண் போகாது. என் டிராக்டரில் இரண்டு வருடமாக அப்படித்தான்.

தொண்டி பட்டறை | காலை 8:05
ஏர்வாடி அண்ணே, டிராக்டருக்குச் சரி. எல்லா வண்டிக்கும் சொல்லாதீர்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். பல வண்டிகளில் அந்த வழி மூடியில் உள்ள சின்ன வால்வில்தான் இருக்கிறது, சிலவற்றில் தனிக் குழாய். மூடியில் வழி உள்ள வண்டியைப் பாலிதீன் போட்டு இறுக்கினால் டேங்க் வெற்றிடமாகி டீசல் மேலே ஏறாது. ஓட ஓட இழுவை குறையும், நின்று திறந்தால் புஸ்ஸென்று காற்று இழுக்கும், மறுபடி சரியாகிவிடும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

வண்டிக்காரர் தம்பி, மாற்றிய ஃபில்டரில் என்ன இருந்தது? மண் மட்டுமா, தண்ணீருமா?

வண்டிக்காரன் தங்கச்சிமடம் | மதியம் 1:48
மன்னிக்கவும், தனுஷ்கோடியில் இருந்தேன், சிக்னல் இல்லை. 2018 வண்டி, பெரிய பிக்கப், டீசல். வாய் இடது பக்கம் பாடிக்குக் கீழே, கதவு கிடையாது. கம்பெனி மூடி பூட்டு வைத்ததுதான். அது மூன்று தடவை திருட்டுப் போனது, ஒரு தடவை டீசலும் சேர்ந்து போனது. மச்சான் துபாயிலிருந்து வரும்போது ஸ்பிரிங் தட்டு வைத்த மூடி ஒன்று கொண்டுவந்தார், வாயில் திருகி விட்டால் அப்புறம் கழற்றவே வேண்டாம் என்றார். அதைத்தான் மூடி இல்லாத வகை என்றேன். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஃபில்டரில் மண்ணும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. மீன் நாற்றம் அடிக்கிறது என்று பட்டறைப் பையன் சிரித்தான்.

பழைய ஸ்பேனர் | மதியம் 2:03
ஆக, கம்பெனி வகை இல்லை. மச்சான் வகை.

கீழக்கரை தம்மாம் | மதியம் 2:20
அந்த மூடி எந்த வண்டிக்குச் செய்ததோ! பெட்ரோல் காருக்கானதாக இருந்தால் நம் டீசல் நாசில் அதில் இறங்கவே இறங்காது. நீங்கள் எப்படி நிரப்புகிறீர்கள்? அதோடு ஒரு பிளாஸ்டிக் புனல் வந்திருக்க வேண்டுமே, அது எங்கே?

வண்டிக்காரன் தங்கச்சிமடம் | மதியம் 2:41
பங்கில் கொஞ்சம் அழுத்தினால் இறங்கும். தனுஷ்கோடிப் பக்கம் பங்க் கிடையாது, அதனால் கேனில் எடுத்துப் போவேன். கேன் மூக்குக்குத் தட்டு திறக்காது. ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிடித்துக்கொண்டு ஊற்றுவோம். புனலை மச்சான் மகன் மணல் அள்ளி விளையாட எடுத்துப் போனான், அதோடு சரி.

தொண்டி பட்டறை | மதியம் 2:55
தம்பி, படிக்கும்போதே எனக்குப் பல் கூசுகிறது. மண் கிடக்கிற தட்டை நெம்பித் திறந்து, அதன் மேலேயே டீசலை ஊற்றினால் மண்ணைக் கழுவி உள்ளே அனுப்புகிறீர்கள் என்று பொருள். நெம்பி நெம்பித் தட்டின் விளிம்பு ரப்பரும் போயிருக்கும், இனி அது முழுதாக மூடாது. 2018 வண்டி என்றால் காமன் ரெயில் இன்ஜின். பழைய இன்ஜின் மாதிரி எதைக் கொடுத்தாலும் குடிக்காது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடுகிற பம்பு அது. ஃபில்டரைத் தாண்டி ஒரு பொடி மணல் போனாலும் இன்ஜெக்டர் செலவு. ஃபில்டர் அடைத்து வண்டி நின்றதற்குச் சந்தோஷப்படுங்கள்.

சாயல்குடி சரக்கு | மதியம் 3:12
தனுஷ்கோடி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இது கச்சான் காற்றுக் காலம். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை ரோட்டின் மேலேயே மணல் ஓடும். எந்த மூடி போட்டாலும் போகும். வண்டியைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், டீசல் வாய் காற்றுக்கு மறைவாக இருக்கிற மாதிரி நிறுத்துங்கள்.

ஏர்வாடிக்காரன் | மதியம் 3:20
ஆடி மாதத்தில் அடிப்பது தெற்கே இருந்து வரும் சோழகம் அண்ணே. கச்சான் மேற்கே இருந்து வருவது.

சாயல்குடி சரக்கு | மதியம் 3:26
எங்கள் ஊரில் தென்மேற்கு அடித்தாலே கச்சான்தான். என் தாத்தா வள்ளம் ஓட்டியவர்.

ஏர்வாடிக்காரன் | மதியம் 3:31
என் அப்பா இன்னும் ஓட்டுகிறார்.

மண்டபம் வடதுறை | மாலை 4:10
இரண்டு பேரும் மன்னார் வளைகுடாப் பக்கத்தவர்கள், உங்களுக்கே இந்தச் சண்டை என்றால் பாக் விரிகுடாப் பக்கம் நாங்கள் என்ன சொல்வது? எங்களுக்கு வாடை வந்தால்தான் காற்று. அப்போது வடதுறையில் அலை, தென்துறை குளம் மாதிரி கிடக்கும். இப்போது தலைகீழ். கிழக்கே இருந்து வரும் கொண்டலைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பழைய ஸ்பேனர் | மாலை 4:22
டீசல் மூடி இழை வானிலை அறிக்கை ஆகிவிட்டது. என் கருத்தைக் கேட்டால், தண்ணீர் இருந்தது என்று அவரே சொல்கிறார். பங்க் டீசலில்தான் தண்ணீர். கேனும் காரணமாக இருக்கலாம். டேங்கைப் பாதி காலியாக இரவில் நிறுத்தினாலும் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். எவ்வளவு என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மீன்கார அக்கா, பாம்பன் | மாலை 6:35
நான் மெக்கானிக் இல்லை, பன்னிரண்டு வருடமாக மீன் வண்டிக்கு வாடகை கொடுக்கிறவள். ஃபில்டரில் மீன் நாற்றம் என்று தம்பி சொன்னதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லையே! பங்க் டீசலில் மீன் நாற்றம் வருமா, வியர்த்த தண்ணீரில் வருமா?

தம்பி, நீங்கள் ஏற்றுவது மீன்தானே? பெட்டியில் ஐஸ் கரைந்து வடிகிற தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது?

வண்டிக்காரன் தங்கச்சிமடம் | மாலை 7:02
ஆமாம் அக்கா, கரைவலை மீன். மீன் என்று சொல்லவில்லையா நான்? ஐஸ் தண்ணீருக்குப் பாடியில் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். ஒன்று வலது மூலையில், மற்றது

ஐயோ. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடது ஓட்டை டீசல் வாய்க்கு நேர் மேலே. தட்டுப் பள்ளத்தில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது. இரண்டு செதிள் மிதக்கிறது.

தொண்டி பட்டறை | மாலை 7:30
அக்கா சொன்னதுதான் விஷயம். இப்போது எல்லாம் பொருந்துகிறது. அந்தத் துபாய் மூடியில் காற்றுக்கென்று வழி இருக்கிறதோ இல்லையோ, ரப்பர் போன தட்டின் இடுக்கில்தான் டேங்க் இப்போது மூச்சு வாங்கும். மேலே உப்பும் மணலும் கலந்த ஐஸ் தண்ணீர் தேங்கி நிற்கும்போது காற்றுக்குப் பதில் அதை உறிஞ்சும். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. நின்ற வண்டியில் ஊற்றிப் பார்த்தால் ஒழுகாது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இன்றைக்கே அந்த மூடியைக் கழற்றிவிடுங்கள். கழற்றுமுன் பள்ளத்துத் தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுங்கள், மண்ணைப் பழைய பல் பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கிரீஸ் தடவலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், கிரீஸில் மணல் உட்கார்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கம்பெனி மாதிரி பூட்டு மூடியே போடுங்கள், வால்வு உள்ளதாகப் பார்த்து. டேங்கை இறக்கிக் கழுவாமல் புது ஃபில்டர் போட்டால் அந்தக் காசும் வீண். உப்புத் தண்ணீர் போன டேங்க், உள்ளே துரு பிடித்திருந்தால் வேறு கதை. ஐஸ் ஓட்டைக்கு ஒரு அடி ரப்பர் குழாய் மாட்டிப் பின் டயருக்கு அந்தப் பக்கம் இறக்குங்கள். கேனிலிருந்து ஊற்றியே ஆக வேண்டும் என்றால் வலை வைத்த புனல், அதையும் மணலில் வைக்காமல் கேபினுக்குள் வையுங்கள்.

மீன்கார அக்கா, பாம்பன் | மாலை 7:44
குழாயை ரோட்டில் ஊற்றுகிற மாதிரி விடாதீர்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவார். கீழே ஒரு கேன் கட்டி அதில் பிடியுங்கள்.

ஏர்வாடிக்காரன் | மாலை 8:15
பாலிதீன் போட்டிருந்தால் ஐஸ் தண்ணீரும் போயிருக்காது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வண்டிக்காரன் தங்கச்சிமடம் | 11 நாள் கழித்து, காலை 5:15
டேங்க் இறக்கினேன். அடியில் ஒரு கைப்பிடி மணல், அரை லிட்டர் தண்ணீர். துரு இல்லை. பூட்டு மூடி போட்டாயிற்று, குழாயும் மாட்டியாயிற்று. பாலம் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்கும் தொண்டி அண்ணனுக்கும் நன்றி. லோடுக்குக் கிளம்புகிறேன்.

கீழக்கரை தம்மாம் | காலை 8:50
சந்தோஷம் தம்பி. அந்தத் துபாய் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் போடுங்களேன், எந்த வண்டிக்கானது என்று பார்க்கிறேன்.

சாயல்குடி சரக்கு | இரவு 9:05
பெரியப்பா ஊருக்கு வந்திருக்கிறார், எழுபது வயது, நாற்பது வருடம் கடல். கச்சானா சோழகமா என்று கேட்டேன். இரண்டும் வேறு வேறு, இப்போது அடிப்பது இரண்டும் இல்லை என்கிறார்.

பழைய ஸ்பேனர் | இரவு 9:20
வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை.