தெற்குத்தெரு வீடு: ஓடு பிரிக்கிறதுக்கு முன்னால

குழு: தெற்குத்தெரு வீடு

ஞாயிறு

பெரியப்பா (காலை 7:10): எல்லாருக்கும் வணக்கம். மேஸ்திரி நேத்து சாயங்காலம் வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனாரு. மாசி 22 வாஸ்து நாள், அன்னைக்கே முதல் ஓட்டை இறக்கிரலாம்னு சொல்லுதாரு. முன்பத்தியில (வீட்டு முன்பகுதியில) பழைய ஓடே போதும், கூரையைத் தாங்குற சாய்வு மரம் கைமரமும், அது மேல குறுக்க அடிக்கிற ரீப்பர் சட்டமும்தான் மாத்தணும். அடுக்களைக்கு மேல இருக்க சிமெண்ட் ஷீட்டை எடுத்துட்டு அங்கயும் ஓடு.

பெரியப்பா (7:12): வீட்டைக் காலி பண்ண வேண்டாமாம். பாதி பாதியாப் பிரிப்பாங்களாம். அம்மா உள்ளறையில இருந்துக்கிடலாம்.

மேலத்தெரு அத்தை (7:20): அம்மாவும் அதைத்தான் சொல்லுதாவ. நான் எங்கயும் வரலைன்னுட்டாவ.

நான் (7:41): பெரியப்பா, நாள் நல்ல நாள்தான். பங்குனிக்குள்ள முடிச்சிரணும். பிந்திட்டா கோடை மழை வந்துரும். ஆனி பிறந்துட்டா செங்கோட்டைக் கணவாய்க் காத்துக்கு எந்தத் தார்ப்பாயும் நிக்காது. ஆனா ஆச்சி ஒரு ராத்திரி கூட அங்க இருக்கக் கூடாது.

நான் (7:49): பாதி பாதியாப் பிரிக்கிறதே அந்த வீட்டுக்கு ஆகாது. கூரை உச்சியில ஓடுற முகட்டு வளையில ரெண்டு பக்கத்துக் கைமரமும் ஒன்னுக்கொன்னு சாஞ்சு நிக்குது. ஒரு ஓடு 2 கிலோவுல இருந்து 3 கிலோ இருக்கும். முன்பத்திக்கு மட்டும் ஆயிரம் ஓட்டுக்கு மேல கிடக்கு. கிழக்குப் பக்கத்தை முழுசா இறக்கிட்டு மேற்குப் பக்கத்தை அப்படியே விட்டா, மிச்ச எடை அவ்வளவும் ஒரே பக்கமாத் தள்ளும். செல் (கரையான்) அரிச்ச பனங்கைமரம் அதைத் தாங்காது. முகட்டுல இருந்து ரெண்டு பக்கமும் வரிசை வரிசையா, சமமா இறக்கிட்டு வரணும்.

குமார் அண்ணன் (7:55): சுதா சொல்லுதது சரிதான். போன வாரம் மேல ஏறிப் பாத்தேன். அடுக்களைப் பக்கம் மூணாவது கைமரத்துல விரலை வச்சா உள்ள போகுது.

பெரியப்பா (8:02): சரி, மேஸ்திரிகிட்ட பேசுதேன். அம்மாகிட்ட யாரு பேசுதது?

பாளை அத்தை (8:05): நான் பேசுதேன். எனக்கு ஒன்னு கேக்கணும். ஓட்டுக்குக் கீழ மச்சுல (பரண்ல) கிடக்க சாமானெல்லாம் என்ன செய்ய? அப்பா கடைக் கணக்கு நோட்டு, ரெண்டு பித்தளை அண்டா, சருவப்பானை, விதைநெல் போட்டு வைக்கிற கடவப்பெட்டி, நம்ம எல்லாரும் கிடந்த தொட்டில்.

நான் (8:11): எல்லாத்தையும் முதல்லயே இறக்கிரணும் அத்தை. ஓட்டைத் தூக்கினதும் இத்தனை வருஷத்துக் கரியும் தூசியும் எலிப்புழுக்கையும் அப்படியே மச்சுலதான் கொட்டும். நோட்டைத் துணியில கட்டி நீங்க பாளையங்கோட்டைக்கே கொண்டு போயிருங்க. பாத்திரம் மேலத்தெருவுக்கு. மச்சுப் பலகையைக் கழட்ட வேண்டாம். அது மேல தார்ப்பாய் விரிச்சுட்டா கீழ அறைக்குத் தூசி கம்மியா இறங்கும்.

நான் (8:13): குமார் அண்ணன், நீங்க மேல கையை விடும்போது பாத்து விடுங்க. ஓட்டு இடுக்குல தேள் இருக்கும். வேலைக்கு வாரவங்களுக்கும் கையுறை வாங்கிருங்க.

மேலத்தெரு அத்தை (8:20): பீரோ, கட்டில் எல்லாம்?

நான் (8:24): பீரோவை அசைக்க வேண்டாம், சுவரோட கிடக்கட்டும். பத்திரம், பட்டா, ஆச்சியோட பாஸ்புக், நகை எதுவும் அதுக்குள்ள இருக்கக் கூடாது. வெளியாள் பத்துப் பேர் வந்து போற வீடு, கதவே இல்லாத மாதிரிதான். மரக்கட்டிலைப் பிரிச்சுச் சாத்திருங்க. நார்க்கட்டில் ஆச்சியோடயே போகட்டும், அது இல்லாம அவங்களுக்குத் தூக்கம் வராது. தாத்தா படம், சாமி படம், குத்துவிளக்கு இதெல்லாம் முந்தின நாள் விளக்கேத்தி அணைச்ச பிறகு எடுக்கலாம்.

பெரியப்பா (8:30): அதை நான் கையால எடுத்துட்டுப் போறேன்.

சென்னை சித்தப்பா (9:15): இப்பதான் பாத்தேன். கரண்டு கனெக்‌ஷனை என்ன செய்யப் போறீங்க? சர்வீஸ் ஒயர் ஓட்டு மேல இருக்க பைப்புக்குள்ளதான இறங்குது?

நான் (9:22): ஆமா சித்தப்பா. மெயினை அணைச்சாலும் கம்பத்துல இருந்து மெயினுக்கு வர்ற ஒயருல கரண்டு இருக்கும். அதை வேலையாளுங்க ஒதுக்கிக் கட்டக் கூடாது. மின்வாரியத்துல எழுதிக் குடுத்து, அவங்க ஆள் வந்து கம்பத்துலயே எடுத்து விடணும். வீட்டுக்குள்ள கைமரத்தோட ஓடுற மரப்பட்டி ஒயரிங்கை ஒயர்மேன் வந்து கழட்டட்டும். அந்த ஒயர் திரும்ப ஏறக் கூடாது. ரப்பர் காஞ்சு உதிருது. புதுசா பைப்புல இழுத்துரலாம்.

குமார் அண்ணன் (9:25): நாளைக்கே எழுதிக் குடுத்துருதேன். வேலைக்குத் தண்ணி வேணுமே, மோட்டார்?

நான் (9:27): பக்கத்து வீட்டுல கேட்டு டிரம்முல பிடிச்சு வச்சுக்கலாம். கிணத்துக்கு மேல பலகை போட்டு வலை கட்டிருங்க.

சென்னை சித்தப்பா (9:31): பின்னால ஷீட்டு? அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டுல்லா?

பெரியப்பா (9:40): அதுக்கு ஒரு அரை நாள்தான்னு சொன்னாரு. ரெண்டு பயலுவ ஏறி சுத்தியலால தட்டி இறக்கிருவாங்க. தொழுவத்துக்குப் பின்னால பள்ளத்துல போட்டு மூடிரலாம்.

நான் (9:43): வேண்டாம் பெரியப்பா. அப்படிச் செய்யவே கூடாது.

பெரியப்பா (9:46): என்னம்மா, முப்பது வருஷமா அது கீழதான் சமைச்சுச் சாப்பிடுதோம்.

நான் (9:58): உடையாம கிடக்கிறது வேற, உடைக்கிறது வேற. சிமெண்ட் பிடிச்சிருக்கிற வரைக்கும் நார் பெரும்பாலும் உள்ளயே இருக்கும். தட்டினா, அறுத்தா, இழுத்துப் போட்டா கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிஞ்சு பறக்கும். மூச்சுல போனா நுரையீரல்ல தங்கிரும். வியாதி அன்னைக்கே தெரியாது, 20, 30 வருஷம் கழிச்சு வரும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுத்தியிருக்க ஜவ்வுல வர்ற புற்றுநோய். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. இன்னும் கடையில விக்குதுங்கிறதால அது நல்லதுன்னு ஆயிராது.

நான் (10:01): ஏறப் போற பையன்களுக்கு இருபது வயசு இருக்குமா? நம்ம வீட்டு அரை நாள் கூலிக்காக அவங்க அம்பது வயசுல மூச்சுக்குத் திணறக் கூடாது. நம்ம வீட்டுல வேலை பாக்கிறவங்க உடம்புக்கு நாமதான் பொறுப்பு.

பாளை அத்தை (10:04): சுதா, அப்போ எப்படித்தான் எடுக்கிறது?

நான் (10:19): முதல்ல அடுக்களையில ஒரு டம்ளர் கூட இருக்கக் கூடாது. அரிசி டிரம், மிளகா வத்தல், புளிப்பானை, கேஸ் சிலிண்டர் எல்லாம் வெளிய. முந்தின சாயங்காலமும் அன்னைக்குக் காலையிலயும் பூவாளியால ஷீட்டை நல்லா நனைக்கணும். வேகமாப் பீச்சி அடிக்கக் கூடாது, அதுவே நாரைக் கிளப்பும். வேலை நடக்கும்போதும் ஒருத்தர் தெளிச்சுக்கிட்டே இருக்கணும். யாரும் ஷீட்டு மேல கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட்டு பாக்க உறுதியா இருக்கும், மிதிச்சா ஆளோட கீழ போயிரும். கீழ இருந்து சாரம் கட்டி, குறுக்க பலகை போட்டு அதுல நிக்கணும். போல்ட் துருப்பிடிச்சிருந்தா போல்ட்டைத்தான் அறுக்கணும், ஷீட்டை அறுக்கக் கூடாது. ரெண்டு பேர் பிடிச்சு முழுசா இறக்கி, ஈரத்தோடயே கனமான பிளாஸ்டிக் தாள்ல சுத்திக் கட்டிரணும்.

நான் (10:24): எல்லாருக்கும் பி100 (P100) இல்லன்னா எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க், கல்நாருக்கு என்95 பத்தாது. துண்டைக் கட்டிக்கிட்டா பிரயோசனம் இல்ல. முடிஞ்சதும் விளக்குமாறு எடுக்கக் கூடாது, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியையும் சேத்துக் கட்டிரணும். போட்டிருந்த சட்டையை இங்கயே தனியா நனைச்சுத் துவைச்சுட்டுப் போகட்டும். அதே சட்டையோட போய்ப் பிள்ளையைத் தூக்கினா பிள்ளைக்கும் ஒட்டும்.

நான் (10:26): கட்டினதை யாருக்கும் கோழிக்கூடு போடக் குடுக்காதீங்க. ஓடையிலயும் தள்ள வேண்டாம். எங்க ஒப்படைக்கணும்னு பேரூராட்சியில எழுதிக் கேப்போம். பதில் வர வரைக்கும் தொழுவத்து மூலையில கட்டினபடி இருக்கட்டும்.

பெரியப்பா (10:40): இவ்வளவு இருக்கா. எனக்கு இது தெரியாதும்மா. ஆனா மேஸ்திரி இதுக்குத் தனியா ஒரு நாள் கூலி கேப்பாரு.

சென்னை சித்தப்பா (10:42): அண்ணே, அந்தக் கூலி, மாஸ்க், பிளாஸ்டிக் எல்லாம் நான் தாரேன். உடைக்க மட்டும் விட்டுராதிங்க.

பெரியப்பா (10:44): சரிடா. மேஸ்திரியை நாளைக்கு வரச் சொல்லுதேன். சுதா, நீயே அவருகிட்ட போன்ல பேசிரு.

திங்கள்

நான் (மாலை 6:30): மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். ஷீட்டுக்கு ஒத்துக்கிட்டாரு. முதல் நாளே ஷீட்டு, அன்னைக்கு வேற எந்த வேலையும் கிடையாது, வேற யாரும் வளவுக்குள்ள வரக் கூடாது. ஓட்டுக்கும் பேசியாச்சு. ஒவ்வொன்னையும் தட்டிப் பாத்து, கணீர்னு கேட்டா நல்ல ஓடு, சத்தம் அமுங்கினா விரிசல். நல்லதைக் குத்த வச்சு முற்றத்துல அடுக்கணும். படுக்க வச்சா அடியில இருக்கது உடையும். திண்ணையில ஒரே இடத்துல குவிக்க வேண்டாம்.

பாளை அத்தை (6:38): ஓட்டுல 1865ன்னு போட்டிருக்கே, அவ்வளவு பழைய ஓடா நம்மளது?

நான் (6:45): இல்ல அத்தை. பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷன்காரங்க மங்களூருல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்ச வருஷம் 1865. அதுதான் முத்திரை. நம்ம வீடு அதுக்கு ரொம்பப் பிந்திக் கட்டினது. ஆனா ஓடு அருமையான ஓடு, முத்திரை போட்டது ஒன்னு கூட உடையாம இறக்கச் சொல்லியிருக்கேன்.

குமார் அண்ணன் (6:50): புது மரத்துக்கு செல் பிடிக்காம என்ன அடிக்க? வேஸ்ட் ஆயில் போதும்னு ஆசாரி சொல்லுதாரு.

நான் (6:53): வேண்டாம்ணே, நாத்தம் வீட்டை விட்டுப் போகாது, தீயும் சட்டுனு பிடிக்கும். முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கி ரெண்டு தடவை பூசலாம். கையில பட்டா புண்ணாகும், கையுறை போட்டுத்தான் தொடணும். மரத்தைத் தரையில வச்சுப் பூசிக் காயவிட்டுட்டு ஏத்துங்க. சுவருக்குள்ள போற முனையிலதான் நல்லா ஊறணும்.

நான் (6:58): தார்ப்பாய் விஷயம் முக்கியம். தரை நனைஞ்சா துடைச்சுரலாம். நம்மளது மண்சுவர், சுவர்த்தலை திறந்து கிடக்கும்போது ஒரு மழை பெஞ்சா தண்ணி நேரா சுவருக்குள்ள இறங்கி ஊதி நிக்கும். தினம் வேலை முடிஞ்சதும் சுவர்த்தலை முழுக்கப் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கல் வச்சுருங்க. அதுக்கு மேல தார்ப்பாய், முகட்டுல இருந்து வாட்டமாத் தொங்கணும், ரெண்டு முழம் வெளிய நீண்டிருக்கணும். தொய்ஞ்சு கிடந்தா தண்ணி தேங்கி மொத்தமா உள்ள கொட்டும்.

மேலத்தெரு அத்தை (7:10): பக்கத்து வீட்டுல வத்தல் போட ஆரம்பிச்சுட்டாங்க. மாடியில காயுது.

நான் (7:12): நாளைக்கே போய்ச் சொல்லிருங்க அத்தை. வேலை முடியுற வரைக்கும் உங்க மாடியில காய வச்சுக் குடுங்க. ஷீட்டு எடுக்கிற அன்னைக்கு அவங்க வீட்டு ஜன்னலும் சாத்தியிருக்கணும். பொதுச் சுவர் பக்கம் கைமரம் எடுக்கும்போது பெரியப்பா அவங்களையும் கூப்பிட்டுக் காட்டிருங்க.

பாளை அத்தை (இரவு 8:25): அம்மாகிட்ட பேசிட்டேன். முதல்ல முடியாதுன்னாவ. "என் வீட்டு மேல வானம் தெரியும்போது நான் அங்க இல்லாம யாரு இருப்பா"ன்னு கேட்டாவ. ஷீட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பையன்க விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. பிறகு ராத்திரி மேலத்தெருவுல தூங்குதேன், ஷீட்டு எடுத்து முடிஞ்சபிறகு பகல்ல வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காருவேன், வேலைக்காரங்களுக்கு மோரு நான்தான் குடுப்பேன்னு சொல்லுதாவ.

நான் (8:27): வேப்பமரம் சாரத்துக்கு அந்தப் பக்கம்தான, ஓடு விழுற தூரத்துல இல்ல. தாராளமா உக்காரட்டும். வெயிலுக்கு மோரும் வேணும்.

பெரியப்பா (8:30): அப்போ அம்மா விஷயம் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மச்சு சாமான் இறக்குதோம். யாரெல்லாம் வாரிய?

பாளை அத்தை (8:31): நானும் மாமாவும் வாரோம். பெரிய பை கொண்டு வாரேன்.

குமார் அண்ணன் (8:40): மாஸ்க்கும் கையுறையும் தென்காசியில சொல்லி வச்சாச்சு. தார்ப்பாய் 18க்கு 24 அடி, மூணு எடுத்திருக்கேன். பத்துமா சுதா?

நான் (8:42): நாலா எடுங்கண்ணே. அடுக்களைப் பக்கத்துக்கு ஒன்னு தனியா வேணும்.