ஓட்டே வேண்டாம் என்பவர்களோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம்: பெங்களூரு நண்பர்கள் பகிரவும்

அல்சூர் கார்த்தி:

அமெரிக்க டெக் முதலீட்டாளர் பீட்டர் தீல், நாட்டை ஒரு சிஇஓ ஆள வேண்டும் என்று எழுதும் கர்ட்டிஸ் யார்வின் வகையறா பற்றி இங்கே பலருக்கும் தெரியும், அதனால் நீண்ட முன்கதை வேண்டாம். போன வருடம் கோரமங்களாவில் ஒரு ஸ்டார்ட்அப் கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம், அறுபது பேர் இருக்கும். பேசியவர் அமெரிக்காவில் கம்பெனியை விற்றுவிட்டு ஊர் திரும்பியவர். நாட்டை ஒரு சிஇஓ நடத்தினால் போதும், தேர்தல் எல்லாம் காலாவதியான சாஃப்ட்வேர் என்றார். இது புதிதில்லை. சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று இனி நம்பவில்லை என்று தீல் 2009-லேயே எழுதிவிட்டார்.

நடுவில் பேச்சை நிறுத்தி, "போன லோக்சபா தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஏழெட்டுக் கைதான் எழுந்தது. என் கை தொடைமேலேயே இருந்தது. பதினோரு வருடமாக இங்கே வாடகை வீட்டில் இருக்கிறேன், பெயர் இன்னும் தர்மபுரிப் பட்டியலில். அன்றைக்கு ஆபீசில் ரிலீஸ் இருந்ததால் ஊருக்கும் போகவில்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்களே விட்டுவிட்ட ஒன்றைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்" என்றார். அரங்கம் கை தட்டியது. எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2024-இல் பெங்களூரு தெற்கில் பதிவானது 53 சதவீதம். தர்மபுரியில் 81, தமிழ்நாட்டிலேயே அதிகம். இரண்டு கணக்கிலும் நான் இல்லை. தொடைமேல் இருந்த அந்தக் கை இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

கே.ஆர்.புரம் மீனா:

எனக்கு நடந்தது இங்கே இல்லை, அக்கா வீட்டில். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் போயிருந்தேன், 2025 ஏப்ரல். அக்காவிடம் 2021-இல் வாங்கிய டெஸ்லா. டெஸ்லா முதலாளி எலான் மஸ்க் அமெரிக்க அரசாங்கத்துக்குள் புகுந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம், டெஸ்லா ஷோரூம்களுக்கு முன்னால் வாராவாரம் எதிர்ப்புக் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. சிக்னலில் சரியாக அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். ஹாரன், கோஷம், அட்டைகள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளிடமும் "தலையைக் குனிங்க" என்றாள். தமிழில் சொன்னாள். அதுதான் என் காதிலேயே நிற்கிறது.

நடைபாதை ஓரத்தில் எங்கள் அம்மா வயசு அம்மாள் ஒருவர் அட்டையோடு நின்றிருந்தார். குழந்தைகள் குனிவதைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி, எழுத்துப் பக்கம் தன் மார்போடு இருக்கும்படி பிடித்துக்கொண்டார். சிக்னல் விழும்வரை அப்படியே நின்றார்.

"எலானுக்குக் கிறுக்குப் பிடிக்கும் முன்பே வாங்கியது" என்று அங்கே நிறையப் பேர் காரில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அத்தானும் ஒன்று வாங்கி வந்தார். அக்கா ஒட்டவிடவில்லை. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, யார் படம் எடுப்பார்களோ என்று பயம். அந்தக் கூட்டத்தில் போய் நிற்கவும் முடியாது, ஸ்டிக்கர்கூட ஒட்ட முடியாது. மனசுக்குள் அவள் யார் பக்கம் என்பது எனக்குத் தெரியும்.

அங்கே எதிர்ப்பு வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் 1-ஆம் தேதி விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கான தேர்தல் நடந்தது. மஸ்க் தரப்பு 2 கோடி டாலருக்கு மேல் கொட்டியும், அவர் ஆதரித்தவர் 10 சதவீதப் புள்ளி அளவில் தோற்றார். அன்று ராத்திரி அக்கா ரொம்ப நேரம் டிவியை அணைக்கவில்லை.

ஓசூர் செந்தில்:

அப்பா தூரவாணி நகர் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓசூரில் என்னோடு இருக்கிறார். சுந்தர் பிச்சை என்றால் அவருக்கு உயிர். மதுரையில் பிறந்த பிள்ளை, சென்னையில் படித்த பிள்ளை என்று பேப்பரில் வந்த படத்தை வெட்டி சாமி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார்.

2025 ஜனவரி 20 டிரம்ப் பதவியேற்பு. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்புகிறேன், அவர் பேப்பரோடு வந்தார். ஸக்கர்பர்க், பெசோஸ், பிச்சை, மஸ்க் வரிசையாக நிற்கிற படம். அமைச்சர்களாகப் போகிறவர்களுக்கும் முன்னால் இவர்களுக்கு இடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தார். "இவங்கெல்லாம் எந்தத் தொகுதி?" என்று கேட்டார்.

தொகுதி ஒன்றும் கிடையாது, கம்பெனி முதலாளிகள் என்றேன். "பின்னே முன்வரிசையில?" என்றார். எனக்கு 6.40 பஸ். சாயங்காலம் சொல்கிறேன் என்று போய்விட்டேன். சாயங்காலம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொழிற்சங்கத் தேர்தலில் மூன்று முறை நின்று ஒரு முறை ஜெயித்தவர் அவர். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். அலமாரியில் அந்தப் படம் அப்படியேதான் இருக்கிறது.

பெல்லந்தூர் ராகவன்:

கார்த்தி, உங்கள் பதிவில் அந்த மனிதர் சொன்னதில் என்ன தவறு என்று நீங்கள் சொல்லவே இல்லை. கை எழவில்லை என்பது உண்மைதானே? நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015-இல். கவுன்சில் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்கப்புறம் வருடக்கணக்காகக் கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2025-இல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தபோதும் அதே நிலைதான். யார் தெருவில் இறங்கினார்கள்? எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் டவுன்ஷிப் ஆணையம் 2013-இலிருந்து சொத்து வரியைத் தானே வசூலித்துச் சாலை போடுகிறது. அந்தச் சாலையையும் எங்கள் சாலையையும் மழை நாளில் வந்து பாருங்கள். போன ஆகஸ்டில் என் பையனின் ஸ்கூல் வேன் பள்ளத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நான் போய் அவனைத் தூக்கி வந்தேன்.

இதே வரிசையில் அமெரிக்க டெக் முதலீட்டாளர் பாலாஜி ஸ்ரீனிவாசனையும் எல்லோரும் திட்டுகிறார்கள். பெற்றோர் தமிழ்நாடு, அதையாவது நினைத்துப் பாருங்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து புதிய நாட்டைக் கட்டலாம் என்றுதான் 2022-இல் எழுதினார். யார் நாட்டையும் பிடுங்கச் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் வெளியேறலாம். நாம் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறி இங்கே வந்தவர்கள்தானே?

டொம்லூர் வள்ளி:

ராகவன், நீங்கள் சொன்ன வேன் விஷயம் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் கவுன்சிலர் இல்லாததுதான் நோய் என்கிறேன் நான். அதை மருந்து என்று காட்டுகிறீர்கள். உங்கள் தெருவில் பள்ளம் விழுந்தபோது பெயர் சொல்லித் திட்ட ஓர் ஆள் இருந்தாரா? 2015-இல் இருந்தார்.

பிடுங்கவில்லை என்பதும் சரியில்லை. மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் ரோட்டான் தீவில் ப்ரோஸ்பெரா என்று இதே மாதிரி தனிச் சட்டம் உள்ள ஊரை ஒரு அமெரிக்க கம்பெனிக்காரர்கள் கட்டினார்கள். தீல் பணம் போட்ட முதலீட்டு நிதியும் அதில் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் 2022-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிடிக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதானே? வெளியேறவில்லை. அந்த ஏழை நாட்டின்மேல் சுமார் 1,070 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். வெளியேறும் உரிமை நமக்கு மட்டும்தான் போல.

பணக்காரர் அரசியலுக்கு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி 2014-இல் பெங்களூரு தெற்கில் நின்றார். வெயிலில் வீடு வீடாகப் போனார். 2 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஏற்றுக்கொண்டார். அவருடைய எத்தனையோ கருத்துகளோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் தோற்கிற வாய்ப்போடு வந்தார். இப்போது பேசுபவர்கள் கேட்பது தோற்கவே முடியாத ஒரு நாற்காலியை.

என் சொந்தக் கதை சின்னது. 2016 பிப்ரவரி. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை நாம் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தோமே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 8-ஆம் தேதி அதற்குத் தடை போட்டது. ரெண்டு நாளுக்குள் அப்போது ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த அமெரிக்க முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், காலனி ஆதிக்கத்தை எதிர்த்ததால்தான் இந்தியா பொருளாதாரத்தில் கெட்டது என்ற பொருளில் ட்வீட் போட்டார். நானும் பதில் எழுதினேன். எங்கள் தாத்தா அலிப்பூர் சிறையில் இருந்தவர், இரண்டே வரிதான் எழுதினேன். காலையில் மேனேஜர் கூப்பிட்டார். கம்பெனிக்கு அமெரிக்க முதலீடு வரப்போகிற நேரம். திட்டவில்லை, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார், "வேண்டாமே வள்ளி" என்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அழித்தேன். மத்தியானத்துக்குள் ஆண்ட்ரீசனும் தன் ட்வீட்டை அழித்து மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. என்னுடையதை நான் திரும்பப் போடவே இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஜீவன்பீமா நகர்:

தம்பி கார்த்தி, என் அனுபவம் ஒரு வரிதான். பள்ளி ஆசிரியராக இருந்தபோது பல வருடம் பிஎல்ஓ, அதாவது வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர் வேலையும் பார்த்தேன். ஐடி ஆட்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், படிவத்தை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வருவேன், ஒன்றுகூடத் திரும்பி வராது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. தொகுதி மாறினால் படிவம் 6 என்று முன்பு இருந்தது, 2022 ஆகஸ்டிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் 8 போதும். தர்மபுரியில் பெயரை நீக்கத் தனியாக அலைய வேண்டாம். படிவம் 6 முதல்முறை சேர்பவர்களுக்கு மட்டும். தெரியாமல் அதைப் போட்டுவிட்டு இரண்டு ஊரிலும் பெயர் வந்து தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சட்டப்படி குற்றம். முகவரிக்கு ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக், ஒரு வருடத்துக்குக் குறையாத கரண்ட் பில் அல்லது கேஸ் பில், இவற்றில் உங்கள் பெயரும் இங்கத்திய முகவரியும் இருக்கிற ஒன்று போதும். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், முதலில் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். போனிலேயே தேர்தல் ஆணையத்தின் செயலியில் போடலாம். சந்தேகம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கடைசி நேரத்தில் பட்டியல் மூடிவிடும். பிஎல்ஓ வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்லி ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

அல்சூர் கார்த்தி:

ஐயா, நன்றி. ஆதார் முகவரியும் பழையதுதான், இந்த வாரமே மாற்றுகிறேன். ராகவன், என்ன தவறு என்று கேட்டீர்கள். வள்ளி மேடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு அந்த அரங்கத்தில் அது தோன்றவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி ஜோ:

ராகவன் சார், நீங்கள் சொல்லும் அந்த நல்ல சாலையில்தான் தினமும் போகிறேன். சாலை நல்ல சாலைதான். ஆனால் ஆரக்கிள் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கிய லாரி எல்லிசன் 2024 செப்டம்பரில் சொன்னதைப் படித்தீர்களா? எல்லாவற்றையும் எப்போதும் பதிவு செய்துகொண்டே இருப்பதால் குடிமக்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்றார். அதைப் படித்த அன்று எங்கள் ஆபீஸ் பேன்ட்ரியில் புது கேமரா மாட்டினார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறக்கக் கை வரவில்லை. அன்றிலிருந்து கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சாப்பிடுகிறேன். இப்போது ஆறு பேர் ஆகிவிட்டோம்.

பெல்லந்தூர் ராகவன்:

ஜோ எழுதியதைப் படித்தபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கருத்து மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், இந்த ஊர் அரசாங்கத்தை நான் இன்னும் நம்பவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் நான் கமிட்டி உறுப்பினர். வேலைக்கு வருபவர்களுக்கு ஆப்பில் அனுமதி வேண்டும் என்று போன வருடம் விதி போட்டோம். 400 வீடு, கமிட்டியில் ஏழு பேர், வாட்ஸ்அப்பிலேயே பத்து நிமிடத்தில் முடித்தோம். சாலை, தண்ணீர், குப்பை எல்லாம் இப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குப் பெருமையாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் சமைக்கும் லட்சுமி அக்கா கிருஷ்ணகிரிக்காரர். எட்டு வருடமாக வருகிறார். என் பையனுக்கு முதல் சோறு ஊட்டியவர். ஒரு திங்கட்கிழமை ஆப் அவர் முகத்தை ஏற்கவில்லை. அனுமதி கேட்டு என் போனுக்குத்தான் வந்தது, நான் மீட்டிங்கில் இருந்தேன், பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். செக்யூரிட்டிக்கு அவரை நன்றாகத் தெரியும், தினமும் டீ கொண்டுவந்து கொடுப்பவர்தான். விதி விதி என்று உள்ளே விடவில்லை.

மேலே வந்ததும் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தார். தோசை ஊற்றிக்கொண்டே, "இந்த ரூல் வேணாம்னு சொல்லணும்னா யார்கிட்ட சொல்லணும் தம்பி?" என்றார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கமிட்டிக்கு எழுதலாம் என்றால் அவர் அங்கே குடியிருப்பவர் இல்லை. என்னிடம் சொல்லலாம் என்றால், விதி போட்ட ஏழு பேரில் நான் ஒருவன். "நான் பார்க்கிறேன் அக்கா" என்றேன். அது நடந்து நாலு மாதம் ஆகிறது. விதி அப்படியேதான் இருக்கிறது. வருகிற ஞாயிறு கமிட்டிக் கூட்டம், அக்காவையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஆறு பேரிடம் இன்னும் சொல்லவில்லை.